பற்றரிக்கு வைத்த மழைத்தண்ணீர்

வாடகைக்கு ஓடிய மாமாவின் ஹயர் கார் ஒருநாளும் வழியில் நின்றதில்லை, அது மாமாவின் கைராசி என்று பஸ் ஸ்டாண்டில் சொல்வார்கள். பச்சைப் பொய். மாமாவுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க மட்டும்தான் தெரியும். காரை ஓட வைத்தது மாமி.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. பற்றரி செத்தால் புதியது கிடையாது. கார் நின்றால், அங்கே தங்கிப் படித்த என்னையும் சேர்த்து, ஓர்ஸ் ஹில் வீட்டில் ஏழு பேருக்குச் சோறு இல்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, ஊற்றினால் பற்றரி செத்துவிடும். அதனால் மழை வந்தால் மாமி நடுமுற்றத்தில் பெரிய பீங்கான் கோப்பையை வைப்பார். கூரையால் வடிகிற தண்ணீர் ஆகாது, தகரத்துத் துரு வரும். பிடித்ததைப் போத்தலில் அடைத்து வைப்பார். பற்றரிக்கு அது மட்டும்தான்.

மழையே இல்லாமல் கச்சான் காற்று அடித்த மாதம், பள்ளிக்கூடக் கலைவிழாவுக்காக, அந்தப் போத்தலைத் தலையில் கவிழ்த்து அலசினேன். உப்புத் தண்ணீரில் என் தலைமயிர் முற்றம் கூட்டுகிற தும்புக்கட்டை மாதிரி நிற்கும். வகுப்பில் என் பட்டப்பெயரே அதுதான். வெறும் போத்தலைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் கார் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. ஞாயிறு விடியக் குச்சவெளிக்குக் கலியாண ஹயர். மாமி பற்றரியைக் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்து மூடிகளைத் திறந்தார். உள்ளே தகடுகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. ஆனாலும் உடனே ஊற்றவில்லை. எப்போதும்போல் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் வைத்தார். காய்ந்ததும் வெள்ளையாய் உப்பு வளையம்.

யார் போத்தலைத் தொட்டது என்று மாமா கத்தினார். மாமி என் தலையைப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்:

"நான்தான் போத்தலை மாறி வச்சிட்டன். கத்தாமல் அந்தச் சிகரெட்டை ரோட்டில நிண்டு குடியுங்கோ. சார்ஜ் ஏறேக்க இதில வாற காஸ் வெடிக்க ஒரு பொறி காணும்."

மாமா போனதும் மாமி என்னிடம் சொன்னார்:

"உன்ர தலை நல்லா மினுங்குது, பிள்ளை. போய்க் கேத்தலை அடுப்பில வை."

மத்தியானம் வரை குசினிப் புகைக்குள் குந்தியிருந்து, கேத்தல் மூக்குக்கு நேரே எனாமல் தட்டைச் சரித்துப் பிடித்தார். ஆவி தட்டில் பட்டு, உப்பில்லாத தண்ணீராய்ச் சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் விழுந்தது. அவர் விரல்கள் பொத்துப்போயின. என்னைப் பிடிக்க விடவில்லை. தகடு மூடும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சார்ஜரின் கிளிப்புகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போட்டார்.

ஞாயிறு விடிய கார் ஒரே உதறலில் கிளம்பியது. திரும்பி வந்த மாமா தன் கைராசியைப் பற்றியே பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமி சிரித்தார்.

அடுத்த மழைக்கு முற்றத்தில் இரண்டு கோப்பைகள் இருந்தன. கிணற்றடியில் என் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் மழைத்தண்ணீர் வந்து நின்றது. என்னைச் சோதிக்கத்தான் மாமி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். படிப்பு முடிந்து போகும்வரை அதை நான் தொடவேயில்லை. மாமியும் ஒவ்வொரு மழைக்கும் பழையதை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பி வைத்தார்.