அம்மா பிடிக்காமல் விட்ட ஆள்

அம்மா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறுகிற உறவினர் பலருக்கே, ஓர் ஆண் பெயரில் வெளிவந்த அந்தத் துப்பறியும் கதைகளை எழுதியவர் அம்மாதான் என்பது மறைவுக்குப் பிறகே தெரியவந்தது. ஏன் மறைத்தார் என்று கேட்டவர்களுக்காக மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

அம்மா பாலக்கோட்டுப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். பதினாறு வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பா காட்டிலாகாவில் கார்டு, அதாவது வனக்காவலர். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் சித்தேரி மலையடிவாரத்துக்கு மாற்றலாகிப் போனோம். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. சந்தன மரங்கள் திருட்டுப்போகின்றன என்று அப்பா மலையேறினால் திரும்ப மூன்று நான்கு நாளாகும்.

அப்படி அவர் போயிருந்த ஒரு நாள், உச்சிப்பொழுதில் ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான். வலது காது கிழிந்திருந்தது.

"தண்ணி குடுங்கம்மா. அய்யா எப்ப வருவாருங்க?"

"சாயங்காலம் வந்துடுவாரு" என்று அம்மா பொய் சொன்னார். அவன் சிரித்துவிட்டுப் போனான். எனக்கு ஏழு வயது, தம்பி கைக்குழந்தை. கதவைத் தாழிட்டால் நான் பயந்துவிடுவேன் என்று அம்மா அதைத் திறந்தே வைத்திருந்தார். என் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதினார். காது, உயரம், துண்டில் வீசிய சந்தன வாசனை, காலில் சாம்பல் நிறப் புழுதி என்று எழுதியிருந்தார்.

மறுநாளும் வந்தான். தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "ராஜாமணி தானுங்க பாப்பா பேரு?" என்றான். யாரும் அவனுக்கு என் பெயரைச் சொல்லவில்லை. அம்மா என் தோளைப் பற்றித் தன்னருகே இழுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவன் வந்தபோது இடுப்பில் பித்தளைக் கொக்கி வைத்த பெல்ட் இருந்தது. அது அப்பாவுடையது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, சொம்பை நீட்டினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"அய்யா இனிமே வர நாளாகுமுங்க" என்றான்.

அவன் மறைந்ததும் அம்மா என் நோட்டை எடுத்தார். அதில் எழுதினார்: கணுக்கால் வரை செம்மண். முந்திய இரண்டு நாளும் அது இல்லை. சற்று நேரத்தில் சாமை மூட்டையோடு மலையிலிருந்து இறங்கிவந்த விவசாயி ஒருவரை ஓடிப்போய் நிறுத்தினார்.

"அண்ணா, செம்மண்ணு இந்தப் பக்கம் எங்க இருக்குதுங்க?"

"மேல ஒரே எடந்தாம்மா, பாழுங்கெணத்து ஓடையில. ஏம்மா கேக்கறீங்க?"

அம்மா சொன்னதைக் கேட்டு, அவர் மூட்டையை எங்கள் வாசலிலேயே போட்டுவிட்டு மலையேறினார். பொழுது சாய்வதற்குள் நால்வர் அப்பாவைக் கட்டிலில் சுமந்துவந்தார்கள். மரம் வெட்டியவர்களைத் தடுத்தபோது அடித்துக் காலை முறித்து ஓடையில் தள்ளியிருந்தார்கள். ஒரு பகலும் இரவும் அங்கேயே கிடந்திருக்கிறார்.

நினைவு தெளிந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "எழுதனத எரிச்சிடு. யாருகிட்டயும் சொல்லாத. அவனுங்களுக்கு நம்ம வூட்டு வழி தெரியும்" என்பதுதான். அம்மா அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டார். புகார் கொடுக்கவில்லை. தருமபுரிக்கு வந்துவிட்டோம்.

ஆனால் பயமும் எங்களோடு வந்தது. சந்தையில் துண்டு போட்ட யாரைப் பார்த்தாலும் அம்மா முதலில் காதைத்தான் பார்ப்பார். ஓராண்டு அப்படிக் கழித்தபின், எரித்ததையெல்லாம் மறுபடி எழுதினார், கதையாக. ஊரை மாற்றி, பெயர்களை மாற்றி, செம்மண்ணைக் கண்டுபிடிக்கிற வேலையை ஒரு துப்பறிவாளரிடம் கொடுத்தார். ஆண் பெயர் ஒன்றை வைத்துச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்.

அச்சில் வந்ததும் அப்பா அதை முழுக்கப் படித்தார். பிறகு, "எல்லாத்தையும் மாத்திட்ட. காத மாத்தலியே. அவன் படிச்சான்னா?" என்றார். அன்றிலிருந்து பல வாரம் தபால்காரர் குரல் கேட்டாலும் அம்மா கதவிடுக்கு வழியாகப் பார்த்த பிறகே திறப்பார்.

வந்ததெல்லாம் வாசகர் கடிதங்கள். காது கிழிந்தவன் அந்தக் கதையில் தப்பிவிடுகிறான். அவனை ஏன் பிடிக்கவில்லை என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். அடுத்ததில் பிடிப்பதாக அம்மா பதில் போட்டார். அடுத்ததிலும் அவன் தப்பினான். அப்படித்தான் அந்த வரிசை தொடங்கியது, முப்பது ஆண்டுக்குமேல் ஓடியது.

கடைசி நாட்களில், படுக்கையருகே இருந்து கேட்டேன்: "ஏம்மா அவன கடைசி வரைக்கும் புடிக்கவே இல்ல?"

அம்மா சொன்னார்: "புடிச்சிட்டா அந்தத் துப்பறியறவரு வேல முடிஞ்சுதுன்னு போயிடுவாரில்ல. அப்பறம் வூட்ல நாம மட்டுந்தானே இருப்போம்?"

அம்மாவின் கடைசி மூன்று வாரங்களும் முறைவைத்து வந்து உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், தொலைவிலிருந்து ஓடிவந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உயிர் பிரிந்த வேளையில் வீடு கொள்ளாத ஆட்கள் இருந்தீர்கள். அம்மா ஒருமுறை கண்திறந்து எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.