வைக்கோல் போரில் விழுந்த ராக்கெட்

படாளம் கூட்ரோட்டிலிருந்து ஏரிக்கரை வழியாக உள்ளே போனால் வரும் ஊரில் சின்னப்பொண்ணுவை நம்பவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சொசைட்டியில் பால் அளக்கும்போது இமை கொட்டாமல் நிற்பாள். கடையில் வாங்கிய கடலைப்பருப்பை வீட்டுக்கு வந்து மறுபடி முறத்தில் கொட்டி ஆராய்வாள். செங்கல்பட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் திவ்யா பஸ் லேட் என்று சொன்னால், "எந்த பஸ்ஸு, அது ஏன் லேட்டு?" என்று இன்னும் ரெண்டு கேள்வி வரும்.

பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது திவ்யா கைக்குழந்தை. காரியம் முடிந்த கையோடு, கிணறும் கிணற்றடி நிலமும் தனக்குத்தான் என்று புருஷனின் அண்ணன் எடுத்துக்கொண்டான். அதுவரை 'தங்கச்சி' என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் அவன். அன்றிலிருந்து யார் சிரித்துப் பேசினாலும் எதை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். ரெண்டு பசுவை வைத்துக்கொண்டு மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினாள்.

ஒரு வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இறங்கவில்லை. தீபாவளி அன்று ராத்திரி ஏழு மணி தாண்டிய நேரம். அவள் அடுப்படியில் இருந்தாள். பின்பக்கம் மாடு கத்தியது. அது வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கத்துகிற கத்தல் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வைக்கோல் போர் தலையிலிருந்து எரிகிறது. தீ கொட்டகையின் கீற்றுக்குத் தாவிவிட்டது. பெரிய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. இன்னொன்றை அவளே அவிழ்த்து விரட்டினாள். உள்மூலையில் கட்டியிருந்த கன்றுக்குட்டியிடம் போக முடியவில்லை. தெருவே குடத்தோடு ஓடிவந்து தண்ணீர் ஊற்றியது. எல்லாம் அடங்கியபோது கன்று இல்லை.

சாம்பலைக் கிளறினால் பாதி கருகிய ராக்கெட் குச்சி ஒன்று கிடந்தது.

யார் விட்டது? சின்னப்பொண்ணுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பக்கத்து வீட்டுத் தனகோடியின் மகன் ஜெயக்குமார்தான். ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஆடி மாதம் எருக்குழி நாற்றத்துக்காக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சண்டை பிடித்தான். "ஒரு நாளு இத்த மொத்தமா கொளுத்தி வுட்டாத்தான் நிம்மதி" என்று அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது. தீபாவளி அன்றும் வாசலில் பாட்டிலை வைத்து ராக்கெட் மேல் ராக்கெட்டாக விட்டுக்கொண்டிருந்தவன் அவனே.

ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஏம்மா, ஏழுல இருந்து எட்டுக்குள்ள வெடிக்கலாம்னு கவர்மெண்ட்டே சொல்லுது. அந்த ஒரு மணி நேரத்துல ஊரே வெடிக்குது. அவன் வுட்டதுதான்னு நீ பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. ஜெயக்குமாரைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். அவன் குனிந்த தலை நிமிராமல் வெளியே வந்தான். அது அவமானத்தால் குனிந்ததா, குற்றத்தால் குனிந்ததா என்று அவள் வீடு வரும்வரை யோசித்தாள்.

குச்சியை எடுத்துக்கொண்டு கூட்ரோட்டுப் பட்டாசுக் கடைக்கும் போய்ப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த பச்சைத் தாளைக் காட்டி, இந்த ராக்கெட்டை யார் வாங்கினது என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். "பாதி ஊரு இத்தத்தான் வாங்கிச்சு." கடைக்காரரும் ஜெயக்குமாருக்கு வேண்டியவரோ என்று தோன்றியது.

தனகோடி வீட்டுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினாள். அவர்கள் பைக் சத்தம் கேட்டால் வெளியே வந்து பின்பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பாள். ஒருநாள் ஜெயக்குமார் வேலிக்கு மேலாகக் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னாடா அளவு எடுக்கற?" என்றாள். அவன் சட்டென்று உள்ளே போய்விட்டான்.

"யம்மா, அவன் பண்ணியிருக்க மாட்டாம்மா" என்று திவ்யா ஒருநாள் சொன்னாள். "உனக்கெப்படித் தெரியும்?" என்று இவள் திருப்பிக் கேட்ட கேள்வியில் அவள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறு வருஷம் காந்தி ஜெயந்தி கிராம சபையில் சின்னப்பொண்ணு எழுந்தாள். தலைவர் துர்காதேவியைப் பார்த்து, "நம்மூர்ல யாரும் வெடிக்கக் கூடாது. ஒருத்தன் சந்தோசத்துக்கு இன்னொருத்தி வூடு எரியணுமா?" என்றாள்.

சலசலப்பு. ஜெயக்குமார் எழுந்தான். "வருசத்துல ஒரு நாளு. கோவளம் பக்கம் ரிசார்ட்டுக்காரன் நியூ இயருக்கு வானத்தயே கொளுத்தறான், அவன யாராச்சும் கேக்கறாங்களா? கட்டுப்பாடு எல்லாம் நம்ம தலைலதானா?"

"அவன் பக்கத்துல வைக்கப்போரு இல்ல" என்றாள் சின்னப்பொண்ணு.

பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் தலையாட்டினார்கள். அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. ஜெயக்குமாரின் அப்பா தனகோடி எழுந்து, "அந்தம்மா சொல்றது ஞாயம். தெருவுக்குள்ள ராக்கெட் வேணாம்" என்றார். மகன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் பார்க்கவில்லை.

துர்காதேவி முடித்துவைத்தார்: தெருவில் மத்தாப்பும் புஸ்வாணமும் போதும்; வாணம், ராக்கெட் எல்லாம் ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில். முழுசாகத் தடுத்தால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், ஒளித்துவைத்து வெடிப்பார்கள் என்றார்.

சின்னப்பொண்ணுக்கு அது பாதி வெற்றி. ஆனால் அன்று முழுக்க அவளைக் குடைந்தது வேறு. பெற்ற மகனை விட்டுவிட்டு தனகோடி இவளுக்காக ஏன் பேசினார்? அவருக்கு என்னவோ தெரியும்.

அந்தத் தீபாவளிக்கு அவள் யாரையும் நம்பவில்லை. பெய்த மழை விட்டு வெயில் அடித்ததில் புதுப் போரின் மேல்வைக்கோல் காய்ந்திருந்தது. நனைத்த சாக்குகளைப் பக்கத்தில் போட்டு, குடங்களில் நீர் நிரப்பி, போருக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். தெரு பொட்டலுக்குப் போயிருந்தது. அங்கிருந்து ராக்கெட்டுகள் சீறின. அவள் கண் தனகோடி வீட்டு வேலியை விட்டு நகரவில்லை.

திடீரென்று வேலியைத் தாண்டி ஓர் ஆள் குதித்தான். ஜெயக்குமார். கையில் ஏதோ இருந்தது. நேரே போரை நோக்கி ஓடினான்.

"வந்துட்டியாடா பாவி!" பாய்ந்து போய் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பட்டன் தெறித்தது.

"பெரிம்மா, வுடு! மேல பாரு, மேல!"

பார்த்தாள். போரின் உச்சியில் சிவப்பாக ஒரு புள்ளி புகைந்துகொண்டிருந்தது. அவன் கையில் இருந்தது வாளி. பிடி தளர்ந்ததும் அவன் தண்ணீரை வீசினான், எட்டவில்லை. நனைந்த சாக்கை அவள் எடுத்துக் கொடுக்க, அவன் போரில் ஏறி அமுக்கினான். கீழிருந்து குடம் குடமாகத் தூக்கிக் கொடுத்தாள். தனகோடியும் ஓடிவந்தார். தீ பரவுவதற்குள் அணைந்துவிட்டது. பொட்டலில் யாரோ விட்டது, காற்றில் இங்கே வந்து விழுந்திருக்கிறது.

மூவரும் நனைந்துபோய் நின்றார்கள். "நீ எப்படி இங்க வந்த?" என்றாள்.

"மாடிலருந்து உன் போரத்தான் பாத்துகினு இருந்தேன். நைனாதான் பாக்கச் சொல்லிச்சு."

அவள் நேரடியாகவே கேட்டாள். "போன வருசம் நீதானாடா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "தெரில, பெரிம்மா."

"தெரிலன்னா?"

"நான் வுட்டதுல ஒண்ணு ரெண்டு வளைஞ்சி போச்சி. எங்க வுயுந்துச்சின்னு பாக்கல. யாரு பாக்கறாங்க? பத்த வச்சிட்டு அடுத்தத எடுக்கறோம்."

தனகோடி மெதுவாகச் சொன்னார்: "இல்லன்னு உன்கிட்ட சத்தியம் பண்ண முடில. ஆமான்னும் ஒத்துக்க முடில. அதான் அன்னிக்கி எழுந்து பேசினேன்."

"கொளுத்துவேன்னு சொன்னியே?" என்று அவள் ஜெயக்குமார் பக்கம் திரும்பினாள்.

"நாத்தம் தாங்காம வாய்க்கு வந்தத கத்திட்டேன். அதுக்காவ கன்னுக்குட்டிய எரிப்பனா?"

இல்லவே இல்லை என்று அவன் சாதித்திருந்தால் சின்னப்பொண்ணு சாகும்வரை நம்பியிருக்கமாட்டாள். 'தெரில' என்றதை நம்ப முடிந்தது. அவன் வாயிலிருந்து வந்து அவள் நம்பிய முதல் வார்த்தை அது. மன்னிக்கத் தோன்றவில்லை. கன்று கத்தியது இன்னும் காதில் இருந்தது. ஆனால் அவன் சட்டையில் பட்டன் தெறித்த இடம் கண்ணில் பட்டது.

"சட்டையக் கயட்டிக் குடு, பட்டன் தச்சித் தரேன்" என்றாள். அவன் தயங்கினான். அவளும் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை அவர்கள் வாசலில் பால் சொம்பை வைத்துவிட்டு, யாரும் கதவைத் திறப்பதற்குள் வந்துவிட்டாள்.

அடுத்த தீபாவளிக்கு, வெடியே கூடாது என்று கேட்க அவள் கிராம சபைக்குப் போகவில்லை. சாயங்காலம் திவ்யாவைப் போருக்குக் காவல் வைத்துவிட்டு, நீளமான மூங்கில் கழியோடு பொட்டலுக்குப் போனாள். முதல் ராக்கெட்டை விட்ட பையன் அடுத்ததை எடுக்கக் குனிந்தான். கழி குறுக்கே விழுந்தது.

"மொதல்ல வுட்டது எங்க?"

"எங்கியோ போச்சு, ஆயா."

"எங்கியோன்னா எங்க? போய்ப் பாத்துட்டு வா. அப்பால பத்த வை."

அவன் முனகிக்கொண்டே கரும்புத் தோட்டத்துப் பக்கம் நடந்தான். உண்மையிலேயே போகிறானா, மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறானா என்று சின்னப்பொண்ணு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.