பின்னறைக்குப் போன சிக்னல்

மலேசியாவில், லுக்குட்டில் இருக்கும் எங்கள் வீட்டு வைஃபை ஹாலைத் தாண்டாது. அதனால் நான் ஆபீஸ் வேலை பார்ப்பதும் ஹாலில்தான், அப்பா செண்டாயானில் இருக்கும் தன் தோட்டத்து நண்பரோடு வீடியோவில் பேசுவதும் ஹாலில்தான். ரப்பர் மரங்களுக்கு நடுவே கூப்பிட்டுப் பழகிய குரல் அவருடையது. மீட்டிங்கில் என் குரலுக்கு முன்னால் அதுதான் கேட்கும்.

அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது ரவுட்டர் ஒன்று வாங்கினேன். ஹாலிலிருந்து பின்னறைக்குக் கேபிள் இழுத்து, இரண்டும் மோதிக்கொள்ளாதபடி செட்டிங்கை மாற்றினேன்.

"இனிமே உங்க ரூம்லயே லைன் கிடைக்கும்பா," என்றேன்.

அப்பா ரவுட்டரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமா இருக்குன்னு சொல்லிருந்தா மெதுவா பேசிருப்பேன் லா," என்றார்.

"அதுக்கில்லப்பா" என்று இழுத்தேன்.

அதன்பின் அவர் ஹாலில் வந்து உட்காரவே இல்லை. பின்னறையிலிருந்தும் அந்தக் குரல் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் ஒரு காலை, பின்னறைக்குப் போகும் கேபிளை உருவிவிட்டேன். சிக்னலைத் தேடி ஹாலுக்கு வந்துதானே ஆகவேண்டும்? வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"லைன் இல்லையாப்பா? ஹாலுக்கு வாங்களேன்."

"இருக்கட்டும்மா. உனக்கு வேலை இருக்கும்."

கேபிளைத் திரும்பச் செருகினேன். அன்றே நேராகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் முகம் வாடியிருப்பார். இப்போது தினமும் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது.