வெள்ளிக்கிழமை பத்தரை மணி வகுப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புலம்பெயர்ந்து வந்து நோர்பரியில் இருந்தோம். ஒரு புதுவருடத்தன்று, இந்த வருடமாவது எனக்காக ஏதாவது படித்து முன்னேற வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஊரில் நன்றாகப் படித்தவள்தான். இங்கே டொக்டரிடம்கூட ஆங்கிலத்தில் கணவரைத்தான் பேசவிடுவேன்.

பக்கத்து மண்டபத்தில் ஆங்கில வகுப்பு நடந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் வகுப்பு வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. சரியாக ராகுகாலம்.

"ராகுகாலத்திலை எப்பிடித் தொடங்கிறது? அடுத்த வருசம் பாப்பமே," என்றேன்.

கணவர் மகளுக்குக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். "இஞ்சாரும், இவள் பிறந்ததும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத்தானே. அப்ப ஏன் பன்னிரண்டு வரைக்கும் பொறுக்கேல்லை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் நான் ராகுவுக்குப் பயப்படவில்லை. பிள்ளையை அந்நியரிடம் விடவும், ஆட்கள் முன்னால் வாய் திறக்கவும்தான் பயந்தேன்.

போனேன். பக்கத்து அறையில் மகள் அழுவது கேட்டது. எழும்பிப் போவதா, இருப்பதா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை நின்றுவிட்டது. ஆசிரியை என் பெயரைக் கேட்டார். முதல் தடவை சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை நான் சொன்ன சத்தத்தில் முன்வரிசைப் பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் அழ அழ நான் இருந்தது சரியா என்று இப்போதும் சில வேளை யோசிப்பேன். ஆனால் அடுத்த வெள்ளியும் பத்தரைக்குப் போனேன்.