அயலவர் பக்கம்

இத்தாலியில், பலெர்மோ நகரின் கபோ சந்தைக்கு மேலே, லிப்ட் இல்லாத நாலாம் மாடியில் இருந்தேன். தொண்ணூறுகளில் ஒரு அமெரிக்க இளைஞர் அங்கு வந்துபோவார். மோர்மன் மதம் பரப்ப வந்தவர். வெள்ளைச் சட்டை, டை, வெயிலில் சிவந்த மூக்கு. படியில் யாரைக் கண்டாலும் கேட்காமலே பையை வாங்கித் தூக்குவார். கள்ளன் என்று கத்திய கிழவிகளும் உண்டு. மதம் பரப்ப வருவோர் தனியே திரியத் தடை என்பதால் ஒரு கூட்டாளியும் வருவார்.

ஊரில் அயலவர் என் வீட்டைக் கொளுத்தியதை ஒருநாள் அரைகுறை இத்தாலிய மொழியில் அவரிடம் சொன்னேன்.

"அமெரிக்காவிலை எங்கடை மோர்மன் முன்னோரையும் அயலவை வீடு கொளுத்திக் கலைச்சவை," என்றார்.

"நீங்கள் அவைக்கு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டுமே இல்லையோ, தம்பி?"

முகம் கறுத்துப் போய்விட்டார்.

அடுத்த கிழமை வந்தார். "எங்கடை சரித்திரத்தைத் திரும்ப வாசிச்சன். இது கடவுள் எங்களுக்குத் தந்த நிலம் எண்டு அவையிட்டையே சொல்லியிருக்கிறம். கூட்டமாய் வந்து காணி வாங்கி, எல்லாரும் ஒரே பக்கம் வோட்டுப் போட்டிருக்கிறம். அவை பயந்திருப்பினம். கொளுத்தினது பிழைதான். ஆனால் நான் உங்களுக்குச் சொன்னது முழுக்கதை இல்லை."

கூட்டாளிக்குக் கோபம். "இப்பிடிச் சொன்னால் ஆர் எங்களிட்டை வருவினம்?"

"வராட்டி விடட்டும்."

நான் அவர்களின் சபையில் சேரவில்லை. அன்று இருவரையும் இருத்திச் சோறு போட்டேன். கூட்டாளியும் கோபத்தோடேயே இரண்டாம்தரம் வாங்கினார்.

வீடு இழந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். கொளுத்தியவனுக்கு என்ன பயம் இருந்தது என்று தேடிப் பார்த்தவர் அந்த இளைஞர் ஒருவர்தான். அந்த வயதில் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.