நாலு வரை எண்ணாத இசைத்தட்டு

சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை செய்கிறேன். என் தங்கை எஸ்தர் வேலூரில் நர்ஸாக இருந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் ஓர் ஆங்கிலக் கிதார் பாடகனின் சின்ன இசைத்தட்டு ஒன்று வாங்கி வருவாள். ஒரு தட்டில், பாட்டுக்கு முன்னால் அவன் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவான். எஸ்தரும் கூடவே எண்ணுவாள். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே அம்மாவும் எண்ணுவாள். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த நாலு சொல்தான்.

போன வருஷம் மஞ்சள்காமாலையில் எஸ்தர் போய்விட்டாள்.

அந்தப் பாடகனின் பிரபலமான பாட்டுகளெல்லாம் ஒரே பெரிய தட்டாக வந்திருப்பதை மதுரையில் ஒரு கடையில் பார்த்தேன். அட்டையில் அவள் கூடவே எண்ணும் அந்தப் பாட்டின் பெயரும் இருந்தது. சின்னத் தட்டுகளைக் கொடுத்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். கீறல் விழுந்தவைதானே என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதியதைப் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

எஸ்தரின் நினைவு நாளில் ஜெபம் முடிந்ததும் அதில் அவள் பாட்டை வைத்தேன். எண்ணுவதற்காக அம்மா வாயைத் திறந்தாள். எடுத்த எடுப்பிலேயே பாட்டு தொடங்கிவிட்டது.

"ஏன்லே, எண்ணலையே?"

"அதை வெட்டிட்டாங்க போலம்மா."

"அப்ப இது அவ பாட்டு இல்லலே."

மறுநாளே மதுரைக்கு ஓடினேன். பழைய தட்டுகள் விற்றுப் போயிருந்தன.

இப்போதெல்லாம் எஸ்தரின் பொருள் எதையும் அம்மாவைக் கேட்காமல் தொடுவதில்லை. அந்தப் பெரிய தட்டை வைக்கும்போது, முள்ளை இறக்கும் முன் நானே எண்ணுகிறேன். மூன்றோடு நிறுத்தி அம்மாவைப் பார்க்கிறேன். நாலாவதை அவள் இன்றுவரை சொல்லவில்லை.