இடது கையால் போட்ட சோறு

போன வருஷம் ஆடி மாசம், நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி வடக்குத்து கிராமத்தில் நானே கூட நின்று கட்டிய என் வீட்டில் நடந்தது இது.

என் படிப்பு ஐந்தாவதோடு சரி. மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாக மண் வாரினவன், இன்றைக்குச் சொந்தமாக மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்து ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறேன். ஓடுகிற மோட்டார் பக்கத்தில் சும்மா நின்றாலே போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவேன். படித்த என்ஜினீயர்களே வந்து கேட்டுப் போவார்கள்.

என் பட்டறையில் ஒரு ஃபிட்டர். நாற்பது வயசு இருக்கும், புத்தர் வழிக்கு மாறினவர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் பேச்சும் கிடையாது, போனும் கிடையாது. ஒவ்வொரு வாயாக நிதானமாக மென்று சாப்பிடுவார். நானோ ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன் என்று தின்கிற ஆள். "என்னப்பா, வாயில போறது சோறுதானான்னு சந்தேகமா?" என்று எல்லார் எதிரிலும் கிண்டல் செய்வேன்.

ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாப்புடறப்ப சாப்புடறது தெரியணுங்க. எதிர்ல இருக்கறது தெரியணும். எங்க வழியில அதுவும் ஒரு பயிற்சிதாங்க. ஒரு வேளை சாப்பாட்டுக்காவது செஞ்சி பாருங்களேன்."

இதென்ன பெரிய வித்தை, உன்னைவிட நன்றாகவே செய்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீம்புக்காகத்தான் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். மெதுவாக மென்றேன். மறுசோறு போட மனைவி வந்தாள். கரண்டி அவள் இடது கையில் இருந்தது.

கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் இடது கையால் சோறு போட்டு நான் பார்த்ததில்லை. வலது கை வயிற்றோடு ஒட்டி, விரல்கள் மடங்கிக் கிடந்தன.

"என்ன, கை மாத்தி போடற?"

"இதுல புடிக்க முடியலிங்க. கரண்டி நழுவுது."

"எத்தினி நாளா?"

"பொங்கல்லேர்ந்தே இப்படித்தான். சொன்னேனே. நீங்க போன்ல பேசிகினே 'ம்'னு சொன்னீங்க."

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலிலிருந்து ஆடி வரைக்கும் வேளைக்கு வேளை அந்த இடது கைதானே என் தட்டுக்கு எதிரில் வந்துபோயிருக்கிறது?

திங்கட்கிழமை விடிந்ததும் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். கழுத்தெலும்பு தண்டுவட நரம்பை அழுத்துகிறது, இன்னும் விட்டிருந்தால் காலும் விளங்காமல் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். கால் தப்பியது. வலது கையில் பழைய பிடி வரவில்லை. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார்.

பட்டறைக்குப் போய் நடந்ததை ஃபிட்டரிடம் சொன்னேன். கிண்டல் செய்தது எல்லார் எதிரிலும்தானே, இதையும் எல்லார் எதிரிலும்தான் சொன்னேன். அவர் பக்கத்தில் நான் உட்கார நகர்ந்து இடம் விட்டார்.

இப்போதெல்லாம் வீட்டில் சோறு போடுவது நான். போன் அலமாரியில் கிடக்கும். மனசு பட்டறைக்கு ஓடத்தான் செய்யும். அவள் கையைப் பார்த்தால் திரும்பி வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் வீட்டில் ஓர் அமைதி இருக்கிறது, அது எனக்கு இத்தனை வயசுக்குப் பிறகுதான் கிடைத்தது. ஆனாலும், எத்தனையோ மோட்டாரின் கோளாறைச் சத்தத்திலேயே கண்டுபிடித்த இந்தக் காதுக்கு அவள் அன்றைக்குச் சொன்னது கேட்காமல் போனதை நினைத்தால், வாயில் வைத்த சோறு இறங்க இன்றைக்கும் நேரமாகிறது.